சேவுகனின் இடது கால்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சேவுகனுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. மாவட்டக் கியர் வண்டிப் பிரியர்கள் சங்கத்தின் நிறுவனத் தலைவர் அவர்தான் என்பது சின்னப் பெருமை. புதுக் கார் பூஜையில் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏற்ற அவரை விட்டால் ஆளில்லை என்பது பெரிய பெருமை.

டயருக்கு ஒன்றாக நான்கு பழங்களை வைத்துவிட்டுப் பூசாரி கையைக் காட்டியதும், மற்றவர்கள் ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதிப்பார்கள். ஒரு பழம் நசுங்கும். ஒன்று தெறித்து யார் வேட்டியிலாவது விழும். மீதி இரண்டும் சாக்கடையைத் தேடி உருளும். சேவுகன் ஏற்றினால் கதையே வேறு. முதல் கியரைப் போட்டு, கிளச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, வண்டியை மூச்சடக்கி நிற்க வைப்பார். பிறகு நான்கு பழங்களும் ஒரே நேரத்தில் பிளக்கும். ஒரு சொட்டுச் சாறு பம்பரில் படாது. அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும், "அண்ணே, வியாழக்கிழமை ஃப்ரீயா?" என்று அவருக்குத்தான் முதலில் போன் வரும். பூசாரிக்குக் கூட அதற்குப் பிறகுதான்.

இத்தனை பெருமைக்கும் நடுவில் ஒரே ஒரு குறை இருந்தது. அது அவர் காருக்குள்ளேயே, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தது.

அவர் மனைவி அழகி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் காவ்யா ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கண்மாய்க்கரை மைதானத்தில் அழகிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க சேவுகன் ஆசையாகத்தான் கூட்டிப்போனார். கிளச்சை விடும்போதெல்லாம் வண்டி தவளை மாதிரி குதித்து அணைந்தது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். சேவுகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காலுக்கும் மூளைக்கும் ஒயர் கனெக்சனே இல்லாத ஆளுக்கெல்லாம் காரு எதுக்குடி?" என்று, ஜன்னல் கண்ணாடி இறங்கியிருப்பதை மறந்து கத்திவிட்டார்.

அழகி கதவைத் திறந்தாள். இறங்கினாள். முந்தானையை உதறிக்கொண்டாள். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

காவ்யா இப்போது திருச்சியில் கல்லூரிக் கடைசி வருடம். அழகி இன்னும் அந்தப் பின் சீட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் சண்டை கிடையாது. சமைப்பாள், சிரிப்பாள், அவர் சட்டையில் பட்டன் போனால் தைத்துக்கூடக் கொடுப்பாள். காரென்றால் மட்டும் பின் சீட்டு. ஒருமுறை சுங்கச்சாவடியில் இருந்தவர் சேவுகனிடம் குனிந்து, "மேடம் எந்த டிபார்ட்மென்ட்டுண்ணே?" என்று கேட்டார். "கணக்கு" என்றார் சேவுகன்.

தை மாதம் தோறும் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குக் கார்கள் வரிசையாகச் சித்தன்னவாசலுக்குப் போகும். எல்லா உறுப்பினர்களின் மனைவிமாரும் மல்லிகைப்பூவோடு முன் சீட்டில் உட்கார்ந்து வருவார்கள். தலைவர் கார் முதலில் போகும். அதன் முன் சீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேன், சாய்ந்துவிடாமலிருக்க சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து வரும். இந்த வருடமாவது அழகியை முன் சீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு வருடமும் சேவுகனின் ஒரே வேண்டுதல். அதற்கு எந்தச் சாமியும் இதுவரை செவி சாய்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பார்க்கலாம் என்று சாமியும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

சங்கத்தின் நிலைமையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆரம்பித்தபோது கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டியிருந்த கூட்டம், இப்போது பொருளாளர் இன்னாசியின் டிரைவிங் ஸ்கூல் பெஞ்சில் அடங்கிவிட்டது. ஒவ்வொருவராக ஆட்டோமேட்டிக் வாங்கினார்கள். ஒருவருக்கு முட்டி வலி. ஒருவருக்குத் திருச்சி டிராஃபிக். "மாமனார் வீட்டுல குடுத்தது, வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்றார் இன்னொருவர். சங்கத்துச் சட்டப்படி, ஆட்டோமேட்டிக்கில் கை வைத்தவர் தன் பழைய வண்டியின் கியர் கம்பி நுனியிலிருக்கும் நாப்பைக் கழற்றிக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அதைப் பிஸ்கட் ஜாடியில் போட்டு, எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்து, பிறகு வடை சாப்பிடுவார்கள். ஜாடி நிரம்பிக்கொண்டே வந்தது. பெஞ்சில்தான் இடம் கூடிக்கொண்டே போனது.

இந்தச் சமயம் பார்த்து சேவுகனின் பழைய கார் புகை கக்க ஆரம்பித்தது. அழகியையும் கூட்டிக்கொண்டு திருச்சி ஷோரூமுக்குப் போனார். விற்பனைப் பிரிவில் இருந்த ஷர்லி என்ற பெண் காபி கொடுத்து உட்கார வைத்தாள்.

"மேனுவல் கியர்ல டாப் மாடல் காட்டும்மா."

"டாப் மாடல் மேனுவல்ல வர்றதில்ல சார். கீழ் மாடல் மட்டுந்தான். அதுவும் ஆர்டர் போட்டா ஆறேழு மாசம் ஆகும்."

"பின்னாடி கேமரா?"

"ஆட்டோமேட்டிக்ல இருக்கு சார்."

"பின் சீட்டுக்கு ஏ.சி.?" இதைக் கேட்கும்போது சேவுகன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதுவும் ஆட்டோமேட்டிக்லதான் சார்."

"ஏம்மா, கியர் போடுறவன் அப்படி என்ன பாவம் பண்ணுனான்?"

"யாருமே கேக்குறதில்ல சார். போன மாசம் ஜீப்புல ஒரு பாய் வந்து கேட்டாரு, அவ்வளவுதான்."

"கோட்டைப்பட்டினத்துக்காரரா? அவரு எங்க சங்கச் செயலாளரு."

"அப்ப நீங்க ரெண்டு பேருந்தான் சார்" என்றாள் ஷர்லி, ஆறுதல் சொல்கிற குரலில்.

சேவுகன் கோபமாக வெளியே வந்து, கார் நிழலில் நின்று, நாட்டின் போக்கைப் பற்றி செயலாளர் மீரா சாகிபுவிடம் போனில் பேசி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அதுவரை அழகி உள்ளேதான் இருந்தாள். காபி நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுவாரம் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே அழகி சொன்னாள்: "ஏங்க, வெள்ளிக்கிழமை லீவு போட்டுருக்கேன். வண்டி வருது."

"எந்த வண்டி?"

"என் வண்டி. என் சம்பளத்துல லோன் போட்டு எடுத்தேன். ரெண்டு பெடலு, கிளச்சு கெடையாது."

சேவுகன் கையிலிருந்த இட்லி சட்னியில் விழுந்தது. "அழகி, நான் தலைவருடி!"

"நீங்க தலைவராவே இருங்க. நான் சங்கத்துல சேரலையே."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதே?"

"தெரியும்" என்றாள். இன்னும் ஒரு இட்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை திருமயம் ரோட்டுப் பிள்ளையார் கோவில் முன்னால் புது வண்டி மாலை போட்டு நின்றது. ஆவுடையார்கோவிலிலிருந்து அழகியின் தம்பி திருமுருகன் வந்திருந்தான். சேவுகன், தான் அங்கே இல்லை என்கிற முகத்தோடு அரச மரத்தடியில் நின்றார். பூசாரி நான்கு பழங்களையும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருங்க ஏத்துறது?"

"என்ன சாமி இப்படிக் கேட்டுட்டீங்க?" என்றான் திருமுருகன். "அத்தான் இருக்கும்போது வேற யாரு? மாவட்டமே வந்து கூட்டிட்டுப் போகுது."

"அவரு இதுல ஏற மாட்டாருடா தம்பி. சங்கத்துச் சட்டம்" என்றாள் அழகி.

பேச்சு அதோடு நின்றிருந்தால் சேவுகன் மரத்தடியிலேயே நின்றிருப்பார். ஆனால் தேங்காய்க் கடைக்காரர், "அண்ணனுக்கு இது ஓட்ட வராதோ என்னமோ" என்றுவிட்டார்.

"எலுமிச்சம்பழத்துக்கு என்னய்யா சட்டம்?" சேவுகன் வேட்டியை மடித்துக் கட்டினார். "பச்சப்புள்ள பொம்மை வண்டி. கண்ண மூடிக்கிட்டு ஏத்துவேன்." சொன்னதோடு நிற்கவில்லை. தன் வித்தையை அருகிலிருந்து பார்த்தால் அழகியின் மனம் இளகும் என்று ஒரு நப்பாசை. இடது பக்க முன் கதவைத் திறந்து பிடித்தார். "வந்து ஒக்காரு."

அழகி விபூதித் தட்டோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

சேவுகன் கண்ணாடியைத் திருத்தினார். வண்டியைக் கிளப்பி, கியர் குச்சியை 'டி' என்ற எழுத்துக்குத் தள்ளினார். இடது கால் தானாகப் போய், கிளச் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அகலமாக இருந்த ஒன்றின் மேல் உட்கார்ந்தது. கிளச்சுதான் இல்லையே, அது பிரேக் என்று அவருக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

மெல்லக் காலை விட்டார். வண்டி நகர்ந்தது. டயர் பழத்தைத் தொட்டதும், இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் இடது கால் 'பாதிக் கிளச்' பிடித்தது. வண்டி ஆணி அடித்தது மாதிரி நின்றது. மாலை முன்னால் ஆடியது. பின்னால் அழகியின் நெற்றி சீட்டில் இடித்தது. விபூதி பறந்தது.

"பாத்து அத்தான்" என்றான் வெளியே நின்ற திருமுருகன்.

"புது வண்டி, டைட்டா இருக்கு" என்றார் சேவுகன்.

மறுபடி விட்டார். மறுபடி பழத்தைத் தொட்டது. மறுபடி கால் பிடித்தது. இந்த முறை பிள்ளையாரே கொஞ்சம் பின்னால் சாய்ந்த மாதிரி இருந்தது. பூசாரி மணியை ஆட்டுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். திருமுருகன் பாசத்தோடு போனில் வீடியோ எடுத்தான். மூன்றாவது தடவை சேவுகன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அதே வேகத்தில் இடது காலும் மிதித்தது. வண்டி உறுமிக் குலுங்கி நின்றது. ஒரு பழம் டயருக்கடியிலிருந்து பிதுங்கி, சின்னக் காயமும் படாமல் உருண்டு, தேங்காய்க் கடை வாசலில் போய் நின்றது.

கடைக்காரர் அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, அந்தக் காலு ஒங்க காலுதானா? இல்ல, யாருகிட்டயாவது கடன் வாங்குனீங்களா?"

கூட்டம் சிரித்தது. பூசாரி சிரித்தார். கூடப்பிறந்த தம்பி மாதிரி பழகிய திருமுருகனும் வீடியோ ஆடாமல் சிரித்தான். சேவுகனுக்குக் காது சுட்டது. காலுக்கும் மூளைக்கும் ஒயர் கனெக்சன் இல்லை என்று ஒரு குரல் அவர் தலைக்குள் கேட்டது. குரல் அவருடையதுதான். அதை இப்போது பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் அங்கேதான் இருந்தாள். கண்ணாடியில் பயந்துகொண்டே பார்த்தார்.

அழகி மூக்கிலிருந்த விபூதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எறங்குங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள் மெதுவாக. அவர் இறங்கியதும் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, வலது காலை மட்டும் லேசாக எடுத்தாள். வண்டி தன் பாட்டுக்கு ஊர்ந்து பழங்களின் மேல் ஏறி இறங்கியது. திருமுருகன் கைதட்டினான். சேவுகன் அவனுடைய பைக்கின் பின் சீட்டில் வீடு வந்து சேர்ந்தார்.

திருமுருகன் அந்த வீடியோவை 'அத்தானின் ஆசியுடன்' என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். மறுநாள் காலை இன்னாசியின் டிரைவிங் ஸ்கூலில் சங்கம் அவசரமாகக் கூடியது. பிஸ்கட் ஜாடி மேசை நடுவில் மூடி திறந்து தயாராக இருந்தது. வடைக்கும் சொல்லியாகிவிட்டது.

"தலைவரு ஆட்டோமேட்டிக் ஓட்டிட்டாரு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தார் இன்னாசி.

"எங்க ஓட்டுனாரு?" மீரா சாகிபு எழுந்தார். "வீடியோவ நல்லாப் பாருங்க. வண்டி நகரவே இல்ல. ஓட்டப் பாத்தாரு, ஓட்டல. அவரு காலு சங்கத்துக்கு எவ்வளவு விசுவாசமா இருக்குன்னு மாவட்டமே பாத்துருச்சு. இதுக்குப் பொன்னாடை போத்தணும்யா!"

இந்தக் கோணம் பலருக்கும் புதிதாக இருந்தது. ஒருவர் கைதட்டக்கூட ஆரம்பித்தார்.

"ஏறி ஒக்காந்ததே தப்புதான்" என்று விடவில்லை இன்னாசி.

"சரி, அண்ணி எங்க ஓட்டப் படிச்சாங்க?" என்று கேட்டார் மீரா சாகிபு.

இன்னாசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் நின்றது. மீரா சாகிபு போய் ஓரத்தைத் தூக்கினார். 'எல்' போர்டு ஒட்டிய ஆட்டோமேட்டிக்.

"பொழப்பு வேற, கொள்கை வேற பாய்" என்றார் இன்னாசி தழுதழுத்து. "கியர் கத்துக்க இப்ப எவன் வாரான்? டீச்சரு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து ரெண்டே மாசத்துல படிச்சுட்டாங்க. ஒரு தடவகூட நான் கத்தல."

கடைசி வாக்கியத்தை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சேவுகனுக்கு அது வேறெங்கோ போய்க் குத்தியது.

பொருளாளரையும் நீக்கினால் பெஞ்சும் போய்விடும் என்பதால், சங்கம் சமாதான வழி தேடியது. அந்த வண்டியில் முன் சீட்டிலோ பின் சீட்டிலோ இனி ஏறுவதில்லை என்று தலைவர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டால் போதும். பதவி இருக்கும். எலுமிச்சம்பழப் புகழும் மிஞ்சும்.

மீரா சாகிபு போனை நீட்டினார். சேவுகன் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

"சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம். என் மனைவி அழகி டீச்சரோட வண்டியில, இன்னைலேருந்து நான்…" அங்கே நின்றுவிட்டார். சீட் பெல்ட் போட்ட தண்ணீர் கேன் கண்ணுக்குள் வந்தது. விபூதி பூசிய மூக்கும் வந்தது. "…இன்னைலேருந்து நான், அவ ஏத்திக்கிட்டா ஏறுவேன். வணக்கம்."

விரலை எடுத்தார். பெஞ்சில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றது. சேவுகன் வெளியே போய், தன் பழைய காரின் கியர் நாப்பைத் திருகிக் கொண்டுவந்து ஜாடியில் போட்டார். எல்லாரும் எழுந்து மௌனம் காத்தார்கள். வடைக்கு அவர் நிற்கவில்லை. நாப் இல்லாத வெறும் கம்பியைப் பிடித்துக் கியர் மாற்றி வீட்டுக்கு வந்ததில் உள்ளங்கை சிவந்துவிட்டது.

அழகி வாசலில் புது வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குரல் பதிவு இதற்குள் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கும். புதுக்கோட்டையில் அதற்கெல்லாம் அதிக நேரம் ஆகாது. ஆனால் அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏறணும்னா ஏறுங்க. கடையில விட்டுட்டு வாரேன்" என்றாள். பின் கதவைத் திறந்தும் பிடித்தாள்.

சேவுகன் பின் சீட்டைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவள் பார்த்துக்கொண்டு வந்தது ஒரு பின்னந்தலையை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொட்டை வேறு.

"கடைக்கு வேணாம் அழகி. கண்மாய்க்கரை மைதானத்துக்குப் போவோம்."

துடைக்கிற கை நின்றது. "எதுக்கு?"

"எனக்கு இதை ஓட்டச் சொல்லிக்குடு. எனக்குக் கனெக்சன் இல்ல."

அழகி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை அவரும் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணியைப் பிழிந்து காயப்போட்டாள். உள்ளே போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தாள்.

மைதானத்தில் அதே டீக்கடை இருந்தது. அதே மாதிரி ஆட்கள் கிளாஸோடு நின்றார்கள். அழகி பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து டயருக்கு முன்னால் வைத்தாள். சேவுகன் வேர்த்தபடி உட்கார்ந்தார். குச்சியைத் தள்ளினார். இடது கால் மிதித்தது. வண்டி குதித்து நின்றது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சேவுகன் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார்.

"மறுபடி" என்றாள் அழகி.

மறுபடியும் குதித்தது.

"தப்பாப் போட்டா அழிச்சுட்டு மறுபடி போட வேண்டியதுதான். கணக்குல அதுக்கெல்லாம் யாரும் அழுவறதில்ல. அந்த எடது காலை என்ன பண்ணலாம்னு சொல்லுங்க?"

"வெட்டிருவோமா?"

"மடக்கி ஒக்காருங்க. பந்தியில ஒக்கார்ற மாதிரி."

மாவட்டத்தின் தலைசிறந்த பாதிக் கிளச் நிபுணர் இடது காலைச் சம்மணம் போட்டு மடக்கித் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். வலது காலை மெதுவாக எடுத்தார். வண்டி ஊர்ந்தது. இரண்டு பழங்கள் நசுங்கின. ஒன்று ஓடிப்போனது. இன்னொன்று தெறித்துக் கண்ணாடியில் சாறடித்தது. சேவுகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா!" என்று கத்திக்கொண்டு, பழக்க தோஷத்தில் பின்னால் திரும்பினார்.

பின் சீட்டில் யாரும் இல்லை.

"இங்கிட்டுங்க" என்றது குரல், அவருக்கு இடது பக்கத்திலிருந்து. கற்றுக்கொடுக்கிறவர் உட்கார வேண்டிய இடத்தில், முன் சீட்டில், சீட் பெல்ட் போட்டு அழகி உட்கார்ந்திருந்தாள். எப்போது ஏறினாள் என்பதைப் பயத்தில் அவர் கவனிக்கவே இல்லை.

"ரோட்டப் பாருங்க" என்றாள். இந்த முறை சிரித்தாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மீரா சாகிபு. ஜீப்பைத் தூரத்தில், கருவேல மரத்துக்குப் பின்னால் மறைத்து நிறுத்தியிருந்தார்.

"சும்மா இந்தப் பக்கமாப் போனேன் அண்ணி" என்றார், தாடியைத் தடவிக்கொண்டே. "எங்க வீட்டம்மா ஆபிதாவும் ரெண்டு பெடல்தான் வேணுமுன்னு ஒத்தக் கால்ல நிக்குது. நாளைக்கு ஒரு அரை மணி நேரம்…"

"காலைல ஆறு மணிக்கு வாங்க பாய். வரும்போது பழம் வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் அழகி.

அவர் போனதும் சேவுகன் மடித்த கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் அது மறுபடி எதையாவது மிதித்துவைக்கும்.

"தையில சித்தன்னவாசலுக்கு நம்ம மட்டும் போவோமா?" என்று கேட்டார். "சங்கத்துலதான் இனிமே கூப்புட மாட்டாக."

"போவோம். போறப்ப நான் ஓட்டுறேன், வாரப்ப நீங்க ஓட்டுங்க."

"தண்ணி கேனு?"

"அது பின்னாடி ஒக்காரட்டும்" என்றாள் அழகி. இறங்கிப்போய், ஓடிப்போன பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்து, மறுபடி டயருக்கு முன்னால் வைத்தாள்.